முதியவர் உடலில் தசைத் தளர்த்தி மருந்து: தாமதமாகத் தொடங்கி, தாமதமாக விலகுவது ஏன்?

சிங்கப்பூர்க் குடிமக்களில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 2024இல் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். 2030 வாக்கில் நால்வரில் ஒருவர் ஆவார்கள் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. பித்தப்பைக் கல், குடலிறக்கம், பெருங்குடல் புற்றுநோய், இடுப்பெலும்பு முறிவு என்று ஏதோ ஒன்றுக்காக வீட்டுப் பெரியவர் ஒருவர் அறுவை அறைக்குள் போகாத குடும்பம் இனி அரிது.

அப்போது வீட்டாரிடம் சொல்லப்படும் ஒரு வாக்கியம் உண்டு: "வயசானவங்க, மயக்கம் தெளியக் கொஞ்சம் நேரமாகும்." கேட்பவர்கள் இதைத் தூக்கம் கலைவதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அது பாதிதான் சரி. தூக்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு மருந்து, தசைகளைச் செயலற்றுப்போகச் செய்யும் மருந்து, உடலைவிட்டு நீங்குவதற்கும் நேரம் பிடிக்கிறது. முதியவர்களிடம் கவலைப்பட வேண்டிய தாமதம் பெரும்பாலும் இந்த இரண்டாவது தாமதம்தான்.

மூன்று மருந்து, மூன்று வேலை

'மயக்க ஊசி' என்று ஒரே சொல்லில் சொன்னாலும், முழு மயக்கம் தருவதற்குக் குறைந்தது மூன்று வகை மருந்துகள் சேர்கின்றன.

1. தூங்க வைப்பவை: ரத்தக்குழாய் வழியே புரோபோஃபால், மூச்சு வழியே செவோஃப்ளூரேன்.
2. வலியை அடக்குபவை: ஃபென்டனில், மார்ஃபின்.
3. தசையைத் தளர்த்துபவை: ரோக்குரோனியம், அட்ராக்யூரியம், சக்ஸமெத்தோனியம்.

மூன்றாவது வகை தூக்கமும் தராது, வலியையும் போக்காது. குரல்நாண்களின் நடுவே சுவாசக் குழாயைச் செலுத்த அவை விலகி நிற்க வேண்டும். வயிற்றுச் சுவர் இறுகியிருந்தால் அறுவை மருத்துவருக்கு உள்ளே இடம் கிடைக்காது. அதற்காகத்தான் இந்த மருந்து. விலா, வயிறு, தொண்டைத் தசைகளோடு உதரவிதானமும் தளர்ந்துவிடுவதால், அந்த நேரம் முழுதும் மூச்சுவிடுவது இயந்திரம்தான்.

எல்லா அறுவைக்கும் இது தேவையில்லை. இடுப்பெலும்பு முறிவுக்குப் பல நேரங்களில் முதுகுத்தண்டில் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு முடிப்பார்கள். கண்புரைக்குக் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். இந்தக் கட்டுரை முழு மயக்கமும் தசைத் தளர்ச்சியும் சேர்ந்து தரப்படும் அறுவைகளைப் பற்றியது.

நரம்பும் தசையும் சந்திக்கும் இடம்

நரம்பின் நுனி தசையைத் தொடுவதில்லை. நடுவே மிக நுண்ணிய இடைவெளி ஒன்று இருக்கிறது. மூளையிலிருந்து வரும் கட்டளை நரம்பு நுனியை அடைந்ததும், அங்கே குமிழ்களில் சேமித்து வைத்த அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியே கொட்டுகிறது. அது எதிர்க்கரையில், தசையின் மேலுள்ள ஏற்பிகளில் போய் ஒட்டினால் தசை சுருங்கும். வேலை முடிந்த அசிட்டைல்கோலினை ஒரு நொதி உடனே உடைத்துவிடுகிறது.

ரோக்குரோனியம் போன்ற மருந்துகள் அந்த ஏற்பிகளின் மேல் உட்கார்ந்துகொள்கின்றன. தாங்களும் தசையைத் தூண்டுவதில்லை, அசிட்டைல்கோலினுக்கும் இடம் கொடுப்பதில்லை. சக்ஸமெத்தோனியத்தின் வழி வேறு: அது அசிட்டைல்கோலின் போலவே ஒட்டித் தசையை ஒருமுறை துடிக்க வைத்து, பிறகு விலகாமல் இருந்து செயலறச் செய்கிறது.

இங்கே ஒரு கணக்கு மனத்தில் நிற்க வேண்டும். இயற்கை தேவைக்கு மிக அதிகமான ஏற்பிகளைத் தந்திருக்கிறது. அவற்றில் 70 முதல் 75 விழுக்காடு அடைபட்ட பிறகுதான் தசையில் பலவீனம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். இதையே திருப்பிப் பாருங்கள்: அறுவை முடிந்து, ஒருவர் கையை இறுக்கிப் பிடிக்கிறார், பலம் வந்துவிட்டது போலத் தெரிகிறது. அந்த நேரத்திலும் ஏற்பிகளில் பெரும்பகுதி மருந்தின் பிடியில் இருக்கலாம். கையிருப்பே இல்லாத நிலை அது. சிறிது குளிர், ஒரு வேளை ஆன்டிபயாடிக், வலிக்காக ஒரு ஊசி, ஏதாவது ஒன்று சேர்ந்தாலும் மூச்சு தடுமாறும்.

முதுமையில் மாறுவது எது, மாறாதது எது

வயதானால் மருந்து 'அதிகமாக ஏறும்' என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. தூக்க மருந்துகளுக்கும் மார்ஃபினுக்கும் அது பொருந்தும்; முதியவருக்கு அவற்றின் அளவைக் குறைத்தே தீர வேண்டும். தசைத் தளர்த்திகளின் கதை வேறு. ரத்தத்தில் ஒரே செறிவு இருந்தால் 30 வயதுத் தசையும் 80 வயதுத் தசையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தளர்கின்றன. நரம்பு-தசைச் சந்திப்பின் அமைப்பு முதுமையில் சிதைந்தாலும் மருந்துக்கு அதன் உணர்திறன் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது நேரம்தான். மருந்து போய்ச் சேரும் நேரமும் வெளியேறும் நேரமும் இரண்டுமே நீள்கின்றன. காரணங்கள் ஐந்து.

1. இதயம் ஒரு நிமிடத்தில் அனுப்பும் ரத்தம் குறைகிறது. கையில் செலுத்திய மருந்து தசையை அடையத் தாமதமாகிறது.

2. உடலின் நீரும் தசையும் குறைந்து, கொழுப்பின் பங்கு கூடுகிறது. இந்த மருந்துகள் நீரில் கரைபவை. கரைந்து பரவும் இடம் சுருங்கினால் செறிவு கூடும்.

3. கல்லீரலின் அளவும் அதற்குள் ஓடும் ரத்தமும் முதுமையில் மூன்றில் ஒரு பங்கு வரை குறையக்கூடும். ரோக்குரோனியம் முக்கியமாகக் கல்லீரல் வழியே பித்தத்தில்தான் வெளியேறுகிறது.

4. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 40 வயதுக்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் நிமிடத்துக்குச் சுமார் 1 மில்லிலிட்டர் என்ற அளவில் குறைந்துகொண்டே வருகிறது.

5. முதியவரின் உடல் சீக்கிரம் குளிர்ந்துவிடும். தோல் மெலிந்து, நடுங்கிச் சூடேற்றும் திறன் குறைந்திருப்பதால், அறுவை அறையின் குளிரில் ஒரு மணி நேரம் கிடந்தாலே வெப்பம் இறங்கிவிடுகிறது. உடல் வெப்பம் 2 டிகிரி குறைந்தால் வெக்யூரோனியம் என்ற தசைத் தளர்த்தியின் விளைவு இரண்டு மடங்குக்கு மேல் நீள்வதாக ஆய்வில் அளந்திருக்கிறார்கள். வெந்நீர்ப் பை போல வெதுவெதுப்பான காற்றை நிரப்பும் போர்வையை நோயாளி மேல் போர்த்துவது வசதிக்காக மட்டும் அல்ல.

நான்காவது காரணத்தை நின்று பார்க்க வேண்டும். வீட்டார் பெரும்பாலும் ஏமாந்துபோகும் இடம் அது. "கிரியாட்டினின் நார்மல்தான்" என்று பலதுறை மருந்தகத்தில் சொன்னார்கள் என்பார்கள். கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. தசை குறைந்தால் கழிவும் குறையும். அதை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகம் பழுதாகியிருந்தாலும் ரத்தத்தில் அளவு ஏறாமல் இருக்கலாம். 1976இல் காக்ராஃப்ட், கால்ட் இருவரும் தந்த சூத்திரம் இதை வெளிக்கொண்டுவருகிறது. 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, பெண்ணானால் 1.04ஆல் (ஆணானால் 1.23ஆல்) பெருக்கி, மைக்ரோமோல் கணக்கிலுள்ள கிரியாட்டினினால் வகுக்க வேண்டும்.

82 வயது, 45 கிலோ எடையுள்ள பாட்டி ஒருவரை வைத்துக்கொள்வோம். அவர் பேத்திக்கு 30 வயது, 55 கிலோ. இருவரின் கிரியாட்டினினும் 80தான், அறிக்கையில் இருவருக்குமே அது வரம்புக்குள்தான். சூத்திரப்படி பேத்தியின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 79 மில்லிலிட்டர். பாட்டியுடையது 34. ஒரே எண், பாதிக்கும் குறைவான வேலை. நீரிழிவும் ரத்தக்கொதிப்பும் பல ஆண்டுகளாக இருந்தால் இன்னும் கீழே போகும். இந்தப் பாட்டியைக் கட்டுரை முடியும்வரை நினைவில் வைத்திருங்கள்.

மருந்துக்கு மருந்து என்ன வேறுபாடு

ரோக்குரோனியம்: மிகப் பரவலாகப் பயன்படுவது. வழக்கமான அளவு கிலோவுக்கு 0.6 மில்லிகிராம். மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பேட்டில், அந்த அளவில் 18 முதல் 64 வயதினருக்கு விளைவு நீடிக்கும் நேரத்தின் நடு மதிப்பு 31 நிமிடம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 46 நிமிடம். நடு மதிப்பைவிட முக்கியம், விரிந்து கிடக்கும் வீச்சு: முதியவர்களில் ஒருவருக்கு 22 நிமிடம், இன்னொருவருக்கு 73 நிமிடம். ஆளைப் பார்த்து யார் 22, யார் 73 என்று எந்த அனுபவசாலியாலும் சொல்ல முடியாது. 'நீடிக்கும் நேரம்' என்பதும் முழுதாக மீளும் நேரம் அல்ல. நரம்பை மின்சாரத்தால் தூண்டிப் பார்க்கும்போது தசைத் துடிப்பு கால்வாசி திரும்பும் நேரம் மட்டும்தான். அங்கிருந்து முழு மீட்சிக்கு இன்னும் தொலைவு இருக்கிறது.

அளவு கூடும்போது என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். ரோக்குரோனியம் 5 மில்லிலிட்டரில் 50 மில்லிகிராம் கொண்ட சிறு குப்பியில் வருகிறது. 45 கிலோ பாட்டிக்குக் கிலோவுக்கு 0.6 என்றால் 27 மில்லிகிராம், அதாவது 2.7 மில்லிலிட்டர். குப்பியில் பாதியைச் சற்றுத் தாண்டிய அளவு. 80 கிலோ ஆளுக்கு முழுக் குப்பி சரியாக இருக்கும். அதே பழக்கத்தில் பாட்டிக்கும் முழுக் குப்பி போனால் கிலோவுக்கு 1.1 மில்லிகிராம் ஆகிவிடும். கிலோவுக்கு 1.2 மில்லிகிராம் பெற்ற முதியவர்களின் நடு மதிப்பு 94 நிமிடம். வீச்சு 64 முதல் 138 வரை. வயிறு காலியாக இல்லாத அவசர அறுவையில், ஒரு நிமிடத்துக்குள் குழாயைச் செலுத்தியாக வேண்டும் என்று தெரிந்தே அந்த அளவு கொடுப்பார்கள். அது தேவை. தெரியாமல் அந்த அளவுக்குப் போய்விடுவதுதான் தவறு.

அட்ராக்யூரியம், சிஸ்அட்ராக்யூரியம்: இந்த இரண்டும் உறுப்புகளை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. உடல் வெப்பத்திலும் ரத்தத்தின் காரத்தன்மையிலும் தாமாகவே உடைந்துவிடுகின்றன. இதற்கு ஹாஃப்மன் சிதைவு என்று பெயர். சிஸ்அட்ராக்யூரியத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இப்படியே கரைந்துபோகிறது. எனவே முதியவரிடம் தொடங்க ஏறக்குறைய ஒரு நிமிடம் தாமதமானாலும், முடியும் நேரம் இளையவரோடு ஒட்டியே வருகிறது. ரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவருக்கு இவற்றை விரும்பித் தேர்ந்தெடுப்பது இதனால்தான். அட்ராக்யூரியத்தை வேகமாகச் செலுத்தினால் ஹிஸ்டமின் வெளியாகி முகம் சிவக்கும், ரத்த அழுத்தம் இறங்கும். சிஸ்அட்ராக்யூரியத்தில் அந்தத் தொல்லை குறைவு. உடல் குளிர்ந்தால் இந்தச் சிதைவும் மந்தமாகிவிடும் என்பதை மறக்கக் கூடாது.

வெக்யூரோனியம் உடைந்து உருவாகும் பொருளுக்கும் தளர்த்தும் திறன் உண்டு. சிறுநீரகம் மந்தமானவரிடம் அது தேங்கும். பான்க்யூரோனியம் பெரும்பகுதி சிறுநீரகம் வழியே போவது, நீண்ட நேரம் நிற்பது. குறுகிய மாற்று மருந்துகள் கையில் இருக்கும்போது 80 வயதுக்காரருக்கு அதைக் கொடுக்க நல்ல காரணம் எதுவும் இல்லை.

சக்ஸமெத்தோனியம் ஒரு நிமிடத்துக்குள் வேலை செய்து, 5 முதல் 10 நிமிடத்தில் விலகிவிடும். முதியவரிடம் அதன் ஆபத்து நேரத்தில் இல்லை, பொட்டாசியத்தில் இருக்கிறது. சாதாரணமாகவே ரத்தத்தின் பொட்டாசியத்தை லிட்டருக்கு 0.5 மில்லிமோல் அளவுக்கு அது உயர்த்தும். வாரக்கணக்கில் படுத்த படுக்கையாக இருப்பவர், சில மாதங்களுக்குள் பக்கவாதம் வந்தவர் ஆகியோரின் தசையில் ஏற்பிகள் தாறுமாறாகப் பெருகியிருக்கும். அவர்களிடம் அந்த உயர்வு இதயத்தை நிறுத்தும் அளவுக்குப் போகலாம்.

இரண்டு முனைகளில் இரண்டு தவறுகள்

தாமதம் தொடக்கத்திலும் இருக்கிறது, முடிவிலும் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு தவறை வரவழைக்கிறது.

தொடக்கத்தில்: மருந்து செலுத்தி ஒன்றரை நிமிடம் ஆகிறது. இளையவரானால் இதற்குள் தளர்ந்திருப்பார். மணிக்கட்டு நரம்பை மின்சாரத்தால் தூண்டினால் பாட்டியின் விரல் இன்னும் துடிக்கிறது. 'போதவில்லை' என்று இரண்டாவது அளவு கொடுக்கத் தோன்றும். உண்மையில் முதல் மருந்து தசைக்கு வரும் வழியில்தான் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து போய்ச் சேரும்போது, அறுவை முடிந்தும் முடியாத தளர்ச்சி மிஞ்சும். பொறுக்காமல் குழாயைச் செலுத்த முயன்றால் இருமல், ரத்த அழுத்தம் ஏறுதல், குரல்நாண் காயம். சரியான வழி காத்திருப்பது. பிராணவாயுவை முகமூடி வழியே கொடுத்துக்கொண்டே, விரலின் அந்தத் துடிப்பு அடங்கும்வரை இன்னும் ஒரு நிமிடம் நிற்பது. தொடக்க அளவை வயதுக்காகக் குறைத்தால் தொடக்கம் இன்னும் தாமதமாகும். குறைக்க வேண்டியது இடையிடையே கொடுக்கும் கூடுதல் அளவுகளை. அவற்றின் இடைவெளியையும் நீட்ட வேண்டும்.

முடிவில்: கடைசி அளவு கொடுத்து 50 நிமிடம் ஆகிவிட்டது, அநேகமாக விலகியிருக்கும் என்று கடிகாரத்தைப் பார்த்து முடிவெடுப்பது. 46 என்பது நடு மதிப்பு மட்டுமே என்பதால், முதியவர்களில் பாதிப்பேர் அந்தக் கோட்டுக்கு அப்பால் இருக்கிறார்கள்.

மிச்சத் தளர்ச்சி என்ன செய்கிறது

குழாய் எடுத்த பிறகும் உடலில் மருந்து மிஞ்சியிருக்கும் நிலையை மிச்சத் தளர்ச்சி எனலாம். 2015இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அறுவைக்குப் பின் கண்காணிப்பு அறைக்கு வந்தவர்களை உடனே அளந்து பார்த்தார்கள். 18 முதல் 50 வயதினரில் 30 விழுக்காட்டினருக்கு மிச்சத் தளர்ச்சி இருந்தது. 70 முதல் 90 வயதினரில் அது சுமார் 58 விழுக்காடு. பாதிக்கு மேல்.

உதரவிதானம் உறுதியானது, முதலில் மீண்டுவிடும். அதனால் மூச்சு வருவதைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைக்க இடமுண்டு. கடைசியில் மீள்பவை தொண்டைத் தசைகள். விழுங்கும்போது மூச்சுப்பாதையை மூடிக்கொள்ளும் ஒழுங்கு குலைகிறது. எச்சிலும் வயிற்றிலிருந்து மேலேறியதும் நுரையீரலுக்குள் போகும். பல முதியவர்களுக்கு மருந்து இல்லாத நாளிலேயே தண்ணீர் குடித்தால் புரையேறும். அந்தத் தொண்டையோடு மிச்சத் தளர்ச்சியும் சேர்ந்தால் நிமோனியாவுக்கு வழி திறக்கிறது. கழுத்து ரத்தக்குழாயிலிருந்து 'பிராணவாயு குறைகிறது, மூச்சை வேகப்படுத்து' என்று மூளைக்குச் செய்தி அனுப்பும் சிறு உணர் உறுப்பையும் இந்த மருந்துகள் மந்தப்படுத்துகின்றன. உடல் எச்சரிக்கை அடிப்பதே நின்றுவிடுகிறது.

நோயாளியின் பக்கத்தில் நின்றால் தெரிபவை இவை: இமையைத் தூக்க முடியாமை, இரட்டைப் பார்வை, குழறும் பேச்சு, எச்சில் விழுங்கத் திணறல், நெஞ்சும் வயிறும் மாறி மாறி ஏறி இறங்கும் மூச்சு, கைகால் வெட்டி வெட்டி அசைதல், காரணமில்லாத பதற்றம். சிங்கப்பூரில் இதில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. தமிழ் மட்டுமே பேசும் மூதாட்டி கண்விழித்ததும் "மூச்சு முட்டுது" என்று குழறலாகச் சொன்னால், அது மொழி புரியாமையாகவோ வயதானவரின் தடுமாற்றமாகவோ கொள்ளப்படலாம். பதற்றத்தை அடக்கத் தூக்க மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகும். கண்காணிப்பு அறையில் தமிழ் தெரிந்த தாதி ஒருவரைக் கூப்பிடும் வசதி முதியவரின் உயிரோடு சம்பந்தப்பட்டது.

அளப்பது எப்படி

கைப்பிடி, தலையை ஐந்து விநாடி தூக்கிப் பிடித்தல் ஆகிய பழைய சோதனைகள் போதாது. அளவிடும் கருவியே வேண்டும். முறை இது.

1. மணிக்கட்டின் உட்புறம், சுண்டுவிரல் பக்கமாக ஓடும் அல்நர் நரம்பின் மேல் இரண்டு ஒட்டுமுனைகள். ஒன்று மணிக்கட்டு மடிப்பிலிருந்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மேலே, மற்றது அதற்கும் சில சென்டிமீட்டர் மேலே. முதியவரின் தோல் உலர்ந்தோ நீர்கோத்தோ இருக்கும். துடைத்து உலர்த்தாமல் ஒட்டினால் மின்னோட்டம் நரம்பை எட்டாது.

2. அரை விநாடிக்கு ஒன்றாக நான்கு மின்துடிப்புகள். ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் உள்ளே மடங்க வேண்டும். ஆழ்ந்த தளர்ச்சியில் ஒன்றுமே அசையாது. மருந்து விலக விலக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று திரும்பும்.

3. நான்கும் வந்த பிறகு, நான்காவது துடிப்பின் பலத்தை முதல் துடிப்பின் பலத்தால் வகுக்க வேண்டும். விகிதம் 0.9ஐ எட்டினால்தான் குழாயை எடுக்கலாம்.

கருவி இல்லாமல், விரல் அசைவைக் கண்ணால் பார்த்தோ தொட்டோ அறிபவர்களுக்கு விகிதம் 0.4ஐத் தாண்டியதும் நான்கும் ஒன்றுபோலவே தெரியும். 0.6லேயே பலரால் தலையை ஐந்து விநாடி தூக்க முடிகிறது. 0.4க்கும் 0.9க்கும் நடுவே இருப்பது மனிதக் கண்ணுக்கு இருட்டு. மிச்சத் தளர்ச்சி ஒளிந்திருப்பதும் அங்கேதான். அமெரிக்க, ஐரோப்பிய மயக்கவியல் அமைப்புகள் இரண்டும் 2023இல் வெளியிட்ட வழிகாட்டிகளில் எண்ணாகக் காட்டும் கருவியை வலியுறுத்தியதற்குக் காரணம் இதுதான்.

கைகள் துணிக்கடியில் இருக்கும்போது சிலர் ஒட்டுமுனையைப் புருவத்தருகே வைப்பார்கள். முகத்தசை கட்டைவிரலைவிட முன்னதாகவே மீள்கிறது, எனவே பொய்யான ஆறுதல் தரும். குழாயை எடுக்கும் முன் கைக்கு மாற்றியாக வேண்டும். கை சில்லிட்டிருந்தாலும் அளவு தவறும்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. பக்கவாதத்தால் விழுந்த கையில் அளக்கக் கூடாது. அந்தக் கையின் தசையில் ஏற்பிகள் பெருகியிருப்பதால் அது மருந்துக்கு அடங்காது. அங்கே துடிப்பைப் பார்த்து மேலும் மேலும் மருந்து கொடுத்தால், மற்ற உடல் முழுதும் அளவுக்கு மீறித் தளர்ந்திருக்கும்.

முறிவு மருந்துகள்

தசைத் தளர்ச்சியை முறிக்கும் மருந்துகளில் ஒன்றான நியோஸ்டிக்மின், அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியைத் தடுக்கிறது. அசிட்டைல்கோலின் பெருகி, ஏற்பிகளுக்காக மருந்தோடு போட்டியிடுகிறது. போட்டி என்பதால் இதற்கு உச்சவரம்பு உண்டு. ஆழ்ந்த தளர்ச்சியில் எவ்வளவு கொடுத்தாலும் மீட்காது. நான்கு துடிப்பும் திரும்பிய பிறகு கொடுத்தால்தான் நம்பலாம், அப்போதும் முழுப் பலன் தெரிய ஏறக்குறைய 10 நிமிடம் ஆகும். இதயத் துடிப்பைக் குறைக்கும் என்பதால் கூடவே கிளைக்கோபைரோலேட் அல்லது அட்ரோபின் சேர்ப்பார்கள். முதியவருக்குக் கிளைக்கோபைரோலேட் நல்லது. அட்ரோபின் மூளைக்குள் புகுந்து குழப்பத்தை உண்டாக்கக்கூடும்.

சுகமாடெக்ஸ் வேலை செய்யும் விதம் வேறு. நடுவே குழிவுள்ள சர்க்கரை வளையம் அது. ரோக்குரோனியம் மூலக்கூறை அந்தக் குழிக்குள் இழுத்து அடைத்துக்கொள்கிறது. இரண்டு துடிப்பு திரும்பியிருந்தால் கிலோவுக்கு 2 மில்லிகிராம், அதைவிட ஆழமானால் 4. பாட்டிக்கு 90 அல்லது 180 மில்லிகிராம். 2 மில்லிகிராம் அளவில் விகிதம் 0.9ஐ எட்ட 64 வயது வரை உள்ளவர்களுக்கு நடு மதிப்பு 2.2 நிமிடம், 65 முதல் 74 வரை 2.6, 75க்கு மேல் 3.6. முறிவு மருந்தும் ரத்த ஓட்டத்தில்தான் பயணம் செய்கிறது, இதயம் மந்தமானால் அதுவும் தாமதமாகும். குழாயை எடுக்கும் முன் முதியவருக்கு அந்தக் கூடுதல் ஒன்றரை நிமிடத்தைக் கொடுத்தாக வேண்டும்.

சுகமாடெக்ஸுக்கும் எல்லைகள் உண்டு. அட்ராக்யூரியத்தையும் சிஸ்அட்ராக்யூரியத்தையும் அது தொடாது. வளையமும் அதற்குள் சிக்கிய மருந்தும் சிறுநீரகம் வழியேதான் போக வேண்டும். வடிகட்டும் திறன் 30க்குக் கீழே இருந்தால் குறிப்பேடு பரிந்துரைப்பதில்லை. நம் பாட்டியின் 34 அந்தக் கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. விலையை நினைத்துக் குறைத்துக் கொடுத்தால், முதலில் மீண்டவர் சிறிது நேரத்தில் மறுபடி தளர்ந்துவிடக்கூடும். அரிதாகக் கடும் ஒவ்வாமையும் இதயத் துடிப்பு சட்டென்று இறங்குவதும் நேர்கின்றன. சுகமாடெக்ஸ் கொடுத்துவிட்டோம் என்பதற்காக அளக்காமல் விடக் கூடாது.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

அரசாங்க மருத்துவமனைகளின் பரிசோதனை முடிவுகள் ஹெல்த்ஹப் செயலியில் இருக்கும். சென்னையிலிருந்து வாங்கிவந்த மாத்திரையும் நாட்டு மருந்தும் அதில் இருக்காது. அறுவைக்கு முந்திய சந்திப்புக்கு எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போவதே நல்லது. குறிப்பாக இவை:

1. ஞாபகமறதிக்கான டோனெபெசில், ரிவாஸ்டிக்மின்: சக்ஸமெத்தோனியத்தின் விளைவை நீட்டும், ரோக்குரோனியத்தின் வேலையை எதிர்க்கும். தாமாக நிறுத்த வேண்டாம், சொன்னால் போதும்.
2. வலிப்புக்கான ஃபெனிட்டோயின், கார்பமாசெபின்: நீண்ட நாள் சாப்பிட்டால் ரோக்குரோனியம் சீக்கிரம் கலைந்துவிடும்.
3. லித்தியம், அண்மையில் போட்ட ஜென்டமைசின் ஊசி: தளர்ச்சியை நீட்டும்.
4. பக்கவாதம் வந்த பக்கமும் அது வந்த மாதமும். ரத்தச் சுத்திகரிப்புக்குக் குழாய் அமைத்த கை. சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுவது.
5. இமை தொங்குதல், மாலையில் மென்று தின்னவே களைத்துப்போதல்: மயஸ்தீனியா என்ற தசைநோயாக இருக்கலாம். அதில் மிகச் சிறு அளவும் பெரிதாக வேலை செய்யும்.

ஆறாவதாக ஒன்று குடும்பத்தில் விசாரிக்க வேண்டியது. சக்ஸமெத்தோனியத்தை உடைக்கும் ரத்த நொதி பிறவியிலேயே குறைந்த குடும்பங்கள் உண்டு. இந்தியாவில் ஆரிய வைசிய சமூகத்தினரிடம் இது மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுவதை மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. அவர்களுக்கு 5 நிமிட மருந்து மணிக்கணக்கில் நிற்கும். அதுவரை இயந்திரத்தில் வைத்துக் காத்திருந்தால் தானே தெளியும். 80 வயதில் முதல்முறையாக முழு மயக்கம் பெறப்போகும் ஒருவருக்கு இந்தக் குறை இருப்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். "சித்தப்பாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சும் ராத்திரி வரைக்கும் மூச்சு வரல, மெஷின்லயே வெச்சிருந்தாங்க" என்று ஊரில் யாரோ எப்போதோ சொன்ன செய்தி நினைவிருந்தால், அதை மயக்கவியல் மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் நொதியின் அளவு தெரிந்துவிடும்.